கொடுத்த வீடு கேக்குது

செப்டம்பர் 12, வியாழன்

மோட்டார் தண்ணீர் ஏற்றவில்லை. பிரித்துப் பார்த்தால் வாஷர் தேய்ந்திருக்கிறது. பழைய டியூபில் வட்டமாக வெட்டிப் போட்டேன், ஏறுகிறது. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். மில்லில் எண்ணெய் போடுகிற ஆளாகச் சேர்ந்து ஃபிட்டராக வெளியே வந்தேன். எனக்கு யாரும் எதையும் சொல்லித் தந்ததில்லை.

கோயில் வாசலில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அறுப்பின் பண்டிகை. ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பொருட்கள் ஏலம். பணம் வழக்கம்போலப் பெண்பிள்ளைகள் விடுதிக்கு. 'ஏலம் கூறுபவர்: செல்வின் தேவராஜ்.' பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். இத்தனை வருடம் அந்த ஏலத்தைக் கூறியவன் நான், அதுவும் மைக் இல்லாமல், வெறும் தொண்டையால். இந்த வருடம் என்னை எடுத்துவிட்டார்கள். ஒருவரும் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஏலம் என்றால் விலையைக் கூட்டிக்கொண்டே போவது என்று செல்வின் நினைத்திருப்பார். எங்கள் கோயிலில் அப்படி இல்லை. வாழைக்குலையோ சேவலோ, எது வந்தாலும் யார் வீட்டுக் காணிக்கை என்று முதலில் சொல்ல வேண்டும். சிலர் பொருத்தனை செய்திருப்பார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டால், கப்பலுக்குப் போனவன் திரும்பி வந்தால், தங்களுக்கு ரொம்ப வேண்டிய ஒரு பொருளையே காணிக்கையாகப் போட்டு, ஏலத்தில் தாங்களே திருப்பி எடுப்பார்கள். அந்த வீட்டார் வாய் திறந்து கேட்டதும், ஏலம் கூறுகிறவன் "கொடுத்த வீடு கேக்குது!" என்று சத்தம் போடுவான். அதோடு கூட்டம் அடங்கிவிடும். அதற்கு மேல் ஒருவன் கேட்டால் அதற்குப் பெயர் ஏலம் அல்ல, பறிப்பு. இது எந்தப் புத்தகத்திலும் கிடையாது. பேங்க்காரருக்கு எப்படித் தெரியும்?

சாயங்காலம் கத்திகளுக்கு மெஷின் எண்ணெய் போட்டேன். எல்லாம் உலையில் காய்ச்சி அடித்தவை. கடையில் வாங்கிய கத்தி ஒன்றுகூட என் பீரோவில் இல்லை. பாதிக்கு மேல் இந்த ஏலத்தில் எடுத்தவைதான். வீட்டை ஒழிக்கும்போது ஜனங்கள் பழைய கத்தியைத்தான் முதலில் காணிக்கைக்குத் தள்ளுகிறார்கள்.

ரூபாவதி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னாள்: "வெங்காயம் நறுக்க எனக்கு ஒரு கத்தி இல்ல. பீரோ நெறைய கத்தி. மாப்பிள்ளை வீடு பாக்க வந்தன்னைக்கு இதப் பாத்திருந்தா எங்கய்யா என்னைக் குடுத்திருப்பாரா?"

"அப்பம் பீரோவே கெடையாது," என்றேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

கத்தி கிடைத்தது.

பூசணிக்காய்க்கும் தேங்காய்க் குவியலுக்கும் நடுவே மேசைமேல் கிடந்தது. மீன் வெட்டுகிற கத்தி. அகன்ற வயிறு. முதுகுப் பக்கம் பிடியருகே கனமாகத் தொடங்கி நுனிக்குப் போகப் போக மெலிந்து இறங்குகிறது. அந்த இறக்கத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. மாடசாமி ஆசாரி அடித்தது. லாரி ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி அடிப்பார். ஒவ்வொரு கத்தியிலும் பிடியை ஒட்டி ஒரு பிறை முத்திரை இருக்கும். அவர் கத்தி ஒன்றாவது கிடைக்காதா என்று நான் தேடாத இடமில்லை. இதில் பிடியிலிருந்து அலகின் அடிப்பகுதி வரை பச்சை வலைநூல் இறுக்கமாகச் சுற்றியிருந்ததால் முத்திரை தெரியவில்லை.

செல்வின் கத்தியைத் தூக்கிப் பிடித்து மைக்கில் ஏதோ சொன்னார். மைக் ஊளையிட்டது. ஒன்றும் கேட்கவில்லை.

மார்க்கெட்டில் மீன் விற்கிற அன்னபுஷ்பம் எழுந்து "நூறு" என்றாள். வேறு யாரும் கேட்கவில்லை. செல்வின் சுற்றிப் பார்த்து, "நூறு ரூவா... வேற யாரு? வேற யாருமே இல்லையா? விடுதிப் பிள்ளைகள நெனைச்சுப் பாருங்க" என்று கெஞ்சினார். ஏலம் கூறுகிறவன் கெஞ்சக் கூடாது.

நான் ஐந்நூறு என்றேன்.

கூட்டம் திரும்பிப் பார்த்தது. புஷ்பமும் பார்த்தாள். பிறகு மெதுவாக "அறுநூறு" என்றாள். நான் இரண்டாயிரம் என்றேன். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

"பாத்தியளா! பிள்ளைகளுக்காக நம்ம வேதமாணிக்கம் அண்ணாச்சி எப்படி அள்ளிக் குடுக்காக!" என்று செல்வின் மேசையைத் தட்டினார். யாரும் கை தட்டவில்லை. நல்ல காரியத்துக்குக் கை தட்டத் தெரியாத கூட்டம்.

ரூபாவதி வீட்டுக்கு வரும் வழி முழுவதும் ஒன்றும் பேசவில்லை. வெயில்.

செப்டம்பர் 16, திங்கள்

பிறை இருக்கிறது!

நூலைக் கழற்றுவதுதான் பெரிய பாடாகிவிட்டது. யாரோ பொறுமைசாலி சுற்றியது. ஒவ்வொரு சுற்றுக்கும் உள்ளே ஒரு முடிச்சு. அவிழ்க்க முடியாமல் பிளேடால் கீறி எடுத்தேன். அடியில் முத்திரை நேற்று அடித்ததுபோல இருந்தது. பிடி நல்ல புளிய மரம். ஒரு பக்கம் மட்டும் பெருவிரல் அளவுக்குப் பள்ளமாகத் தேய்ந்திருந்தது. பார்க்க அசிங்கமாக இருந்ததால் உப்புத்தாள் போட்டுச் சமப்படுத்தி, எண்ணெய் தேய்த்தேன். பீரோவில் நடுத்தட்டில் வைத்திருக்கிறேன்.

நூலை வேப்பஞ்சருகோடு சேர்த்துக் கொளுத்தினேன். நைலான், உருகி நாறியது. ரூபாவதி பின்வாசலுக்கு வந்து, "என்னத்த எரிக்கிய?" என்றாள்.

"குப்பை," என்றேன்.

செப்டம்பர் 17, செவ்வாய்

மழை வருவதுபோல் இருந்தது, வரவில்லை. ரூபாவதிக்கு இன்னும் பேச்சு வரவில்லை.

செப்டம்பர் 19, வியாழன்

மார்க்கெட்டுக்குப் போனேன். கொத்தமல்லி வாங்கத்தான் போனேன். திரும்பும்போது மீன்கடை வழியாக வந்தால் வெயில் குறைவு.

புஷ்பம் புதுக் கத்தி வைத்திருக்கிறாள். கடைக் கத்தி. பிளாஸ்டிக் பிடி, பளபளப்பு. பாறை மீனின் முள்ளில் பட்டதும் வழுக்குகிறது. ஒரு துண்டுக்கு மூன்று தடவை ஓங்குகிறாள். இரும்பு தெரிந்தவனுக்குப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும்.

என்னைப் பார்த்ததும், "வாங்கண்ணாச்சி. கத்தி சௌகரியமா இருக்கா?" என்றாள்.

வீட்டில் நோயாளியை விசாரிப்பதுபோலக் கேட்டாள். நக்கலா, நிஜமா என்று தெரியவில்லை. "இருக்கு," என்றேன். சும்மா நிற்க முடியாமல் அரைக் கிலோ சீலா வாங்கினேன். யூரிக் ஆசிட் இருப்பதால் மீனைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். ரூபாவதி சாப்பிடட்டும்.

செப்டம்பர் 21, சனி

மீன் வாங்கினேன். விலை மலிவு.

செப்டம்பர் 24, செவ்வாய்

மீன் வாங்கினேன். எதிர்வீட்டுக்காரர்களுக்குக் கொடுத்தேன். மிச்சம் பூனைக்கு. இப்போது மூன்று பூனைகள் வருகின்றன.

"பூனைக்கு வஞ்சிரம் போடுற வீடு இந்த ஊர்ல இது ஒண்ணுதான்," என்றாள் ரூபாவதி. ஒரு வாரத்துக்குப் பிறகு அவள் பேசிய முதல் முழு வாக்கியம்.

செப்டம்பர் 26, வியாழன்

இன்று ரூபாவதி முழுதும் பேசினாள். பேசாமலேயே இருந்திருக்கலாம்.

புஷ்பத்தின் புருஷன் யேசுவடியான் துறைமுகத்தில் வலை பின்னுகிறவன். ஜூலையில் பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தானாம். பிழைக்க மாட்டான் என்று சொல்லிவிட்டார்களாம். அப்போது புஷ்பம் ஒரு பொருத்தனை செய்திருக்கிறாள். அவன் உயிரோடு வீட்டுக்கு வந்தால், தன்னிடம் இருக்கிறதிலேயே பெரிய பொருளைக் கோயிலில் போட்டுத் திருப்பி எடுக்கிறேன் என்று. அவளிடம் என்ன இருக்கிறது? அந்தக் கத்திதான். சோறு போடுகிற கத்தி. அதில் அந்த நூலைச் சுற்றியவன் யேசுவடியான். கை நழுவக் கூடாது என்று, அவள் கை அளவு பார்த்து, முடிச்சு முடிச்சாகச் சுற்றியிருக்கிறான். உயிர் பிழைத்து வந்துவிட்டான். வலது கை மட்டும் வரவில்லை.

"இதை என்கிட்ட முன்னாலயே ஒருத்தராவது சொல்லியிருக்கலாமே," என்றேன்.

"செல்வின் சொன்னாரே. 'யேசுவடியான் வீட்டுக் காணிக்கை'ன்னு மைக்ல சொன்னாரே."

"மைக் இரைச்சல்ல யாருக்குக் கேட்டுச்சு?"

"பொம்பளைங்க பக்கம் கடைசி வரிசையில இருந்த எனக்குக் கேட்டுச்சு. நீங்க முன்னால நாற்காலியில இருந்திய."

எனக்கு வலது காது கொஞ்சம் மந்தம். மில்லில் வேலை செய்தவர்கள் எல்லோருக்கும் அப்படித்தான்.

நூலை எரித்ததை அவளிடம் சொல்லவில்லை.

செப்டம்பர் 27, வெள்ளி

செல்வின் வீட்டுக்குப் போய் நன்றாகக் கேட்டுவிட்டு வந்தேன்.

"ஓய், ஏலம் கூறுதவன் வாயிலதான் எல்லாம் இருக்கு. அந்தப் பொம்பளை நூறுன்னு கேட்டதும் நீரு 'கொடுத்த வீடு கேக்குது'ன்னு சத்தம் போட்டிருக்கணும். போட்டிருந்தா நான் ஏன் கேக்கப் போறேன்? அது உம்ம தப்பு."

அவர் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டார். "எனக்கு அப்படி ஒரு வழக்கம் இருக்குன்னே தெரியாதே அண்ணாச்சி. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கே, நீங்க கேக்காம இருந்திருக்கலாமே?"

"ஏலம்னா ஏலம்தான். நீரு சொல்லல, நான் கேட்டேன்."

"ஆகஸ்ட்ல உங்க வீட்டுக்கு வந்தேனே. 'கமிட்டியில என்னைச் சொல்லிட்டாங்க, எனக்கு ஒண்ணும் தெரியாது, நீங்க பக்கத்துல நின்னு சொல்லித் தாங்க'ன்னு கேட்டேனே. 'படிச்சு பேங்க்ல இருந்தவருக்கு நான் என்னத்தச் சொல்லித் தரப் போறேன்'னு வாசல்லயே அனுப்பிட்டிய."

அன்று எனக்கு முட்டிவலி. யாரிடமும் பேசுகிற நிலையில் இல்லை.

"இனிமே சரியாச் சொல்லுதேன்," என்று சொல்லி, அந்த வார்த்தையை என் முன்னாலேயே இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். கிளிப்பிள்ளை மாதிரி. அவர் மனைவி டீ கொண்டுவந்தாள். குடிக்காமல் வந்தது தப்பு.

செப்டம்பர் 30, திங்கள்

புஷ்பம் கடையில் இல்லை. மீன்பலகை கவிழ்த்துக் கிடந்தது. பக்கத்தில் கருவாடு விற்கிற கிழவி என்னைப் பார்த்துக் கேட்டாள், "என்ன, பூனைக்கு மீன் வாங்க வந்தியளோ?" இந்த ஊரில் ஒன்றை மறைக்க முடியாது.

"புஷ்பம் எங்க?"

"கத்தி வழுக்கிட்டு. பிடிச்ச கை முன்னால சறுக்கி, பெருவிரல்ல ஆழமா எறங்கிருச்சு. தையல் போட்டிருக்கு. நரம்புல பட்டிருக்காம், விரல் மடங்குமோ மடங்காதோ. ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு நல்ல வலது கைதான் இருந்துச்சு அந்த வீட்டுல. இப்பம் அதுவும் இல்ல." காகிதத்தில் கருவாட்டைச் சுருட்டி என் பையில் திணித்தாள். "இதக் கொண்டு போங்க. உங்களுக்கும் வெறுங்கையோட போகக் கஷ்டமா இருக்கும்லா."

இதை வெட்கமில்லாமல் எழுத வேண்டுமென்றால், அந்தக் கடைக் கத்தியைச் செய்தவன்மேல் வழக்குப் போட வேண்டும் என்று எழுதலாம். எழுதிப் பார்த்தேன். நன்றாக இல்லை.

அக்டோபர் 2, புதன்

துறைமுகக் கடையில் பச்சை வலைநூல் வாங்கி வந்து காலையிலிருந்து பிடியில் சுற்றினேன். முதல் சுற்று இறுகினால் இரண்டாவது சுற்று முதலாவதின்மேல் ஏறுகிறது. இரண்டாவதை இறுக்கினால் முதலாவது தளர்கிறது. லேத்தில் நூலிழை அளவு பிசகாமல் கடைந்தவன் நான். ஒரு கயிறு சுற்ற முடியவில்லை. அவன் முடிச்சு எப்படி இருந்தது என்று பார்க்க எதுவும் இல்லை. பின்வாசலில் எரித்த இடத்தில் கிண்டிப் பார்த்தேன். ஒரு பச்சைக் கட்டி இருந்தது, கூழாங்கல் மாதிரி.

காதைப் பற்றி எழுதியிருந்தேன். எனக்கு மந்தமாக இருப்பது வலது காது. அன்று ஒலிபெருக்கி இருந்தது இடதுபக்கம்.

அக்டோபர் 5, சனி

கத்தியை ஒரு செய்தித்தாளில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். 'இந்தா' என்று கொடுத்துவிட்டு உடனே திரும்புவது என்று நினைத்திருந்தேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்தேன்.

யேசுவடியான் கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தான். வாய் ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது. "அண்ணாச்சி, வாங்க," என்றது குழறலாக வந்தது. புஷ்பம் பெருவிரலில் கட்டோடு அடுப்படியிலிருந்து வந்தாள்.

காகிதத்தைப் பிரித்துக் கத்தியைக் கட்டிலில் வைத்தேன். நான் சுற்றிய நூலை வீட்டிலேயே கழற்றிவிட்டேன், அதைப் பார்க்கச் சகிக்காது. யேசுவடியான் இடது கையால் கத்தியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். வெற்றுப் பிடியை மேலும் கீழும் தடவினான். இழைத்த மரத்தில் அவன் விரல் எதையோ தேடியது. திருப்பினான். மறுபடி தடவினான்.

"நூலு... எங்க?"

"கழண்டு போச்சு, தம்பி," என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். வலை பின்னுகிறவன். தன் முடிச்சு கழலுமா கழலாதா என்று அவனுக்குத் தெரியாதா? தலையை ஆட்டினான். அவன் என்னைப் பொய்யன் என்று கத்தியிருந்தால் பதிலுக்குப் பத்து வார்த்தை சொல்லியிருப்பேன்.

"சரி, இதை வச்சுக்கிடு, புஷ்பம்," என்றேன்.

"வேண்டாம் அண்ணாச்சி."

"நான் காசு ஒண்ணும் கேக்கலையே."

"காசுக்கில்ல. கோயில்ல போட்டத நான் கோயில்லதான் எடுக்கணும். வீட்டுல வச்சு வாங்கிக்கிட்டா பொருத்தனை தீருமா? இந்தா, இவுக எந்திச்சு உக்காந்திருக்காக. நான் சொன்ன சொல்லு பாதியில நிக்குது. அது எப்பம் எங்க போயி இடிக்குமோன்னு எனக்கு ராத்திரியெல்லாம் பயமா இருக்கு." பிறகு கத்தியை அவன் மடியிலிருந்து எடுத்து, காகிதத்தில் சுற்றி, பிடி என் பக்கம் இருக்கும்படி நீட்டினாள். "உங்க கத்தி, அண்ணாச்சி. பத்திரமா கொண்டு போங்க."

பீரோவில் வைக்கவில்லை. பையோடு ஆணியில் மாட்டியிருக்கிறேன்.

அக்டோபர் 9, புதன்

நூல் சுற்றினேன். ஆறாவது தடவை. ரூபாவதி பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "பழைய நூலு எங்க?" என்றாள். மோட்டாரைப் பார்க்க வேண்டும் என்று எழுந்து போனேன். மோட்டார் நன்றாக ஓடுகிறது.

அக்டோபர் 13, ஞாயிறு

கோயிலில் அறிவித்தார்கள். பண்டிகையில் விலை போகாத பொருட்களுக்கும் பிந்தி வந்த காணிக்கைகளுக்கும் இந்த மாதக் கடைசி ஞாயிறு ஏலம். நான் ஆராதனை முடிந்ததும் கத்தியைக் கொண்டுபோய் செல்வினிடம் கொடுத்தேன். பிடியில் நூல் ஓரளவுக்கு நிற்கிறது.

"காணிக்கையா அண்ணாச்சி?"

"ஆமா."

அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. எனக்குத் தோளிலிருந்து ஒரு மூட்டை இறங்கியதுபோல இருந்தது. புஷ்பம் ஏலத்தில் எடுத்துக்கொள்வாள். நான் வாயைத் திறக்க வேண்டியதில்லை. அதற்கு நான் பின்வரிசையில் உட்கார்ந்தால்கூடப் போதும். இப்படி எல்லாம் முடியும் என்று தெரிந்திருந்தால் ஒரு மாதத்துக்கு முன்பே செய்திருக்கலாம்.

அக்டோபர் 27, ஞாயிறு

ஆராதனை முடிந்து பந்தலுக்கு வந்தோம். கூட்டம் குறைவுதான். நான் பின்வரிசையில் உட்கார்ந்தேன். புஷ்பம் வந்திருந்தாள். யேசுவடியானையும் ஆட்டோவில் ஏற்றி அழைத்து வந்திருந்தாள். இரண்டு வாழைக்குலை போனது. ஒரு பித்தளைக் குத்துவிளக்கு போனது. பிறகு செல்வின் கத்தியை எடுத்தார். இந்தத் தடவை மைக் ஊளையிடவில்லை. ஒவ்வொரு எழுத்தும் கேட்டது.

"கொடுத்த வீடு, வேதமாணிக்கம் அண்ணாச்சி வீடு!"

வீட்டுப் பெயரை முதலில், வழக்கப்படியே சொன்னார்.

புஷ்பம் எழுந்திருக்கவில்லை. மடியில் கட்டுப்போட்ட கையை வைத்துக்கொண்டு குனிந்திருந்தாள். ஒருவரும் கேட்கவில்லை. எல்லோரும் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார்கள். முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. நான் கொடுத்த வீடு. என் பொருத்தனை என்ன என்று அவர்களுக்குத் தெரியாது. என் காணிக்கையை நான் திருப்பி எடுக்க வழி விட்டு வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள். நான் அவளுக்குச் செய்யாத மரியாதையை அவள் எனக்குச் செய்துகொண்டிருந்தாள்.

"அண்ணாச்சி, கேக்கியளா?" என்றார் செல்வின். கேட்டால் கத்தி என் பீரோவுக்கு வந்துவிடும். கேட்காவிட்டால் விலைபோகாத பொருள் என்று குருவானவர் வீட்டு அடுப்படிக்குப் போகும். ரூபாவதி பெண்கள் பக்கத்திலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்தேன். முட்டி மடக்கென்றது.

"செல்வின், பேரு தப்பு. திருத்தும்."

"நீங்கதானே அண்ணாச்சி கொண்டுவந்து குடுத்திய?"

"கொண்டுவந்தது நான். கொடுத்த வீடு யேசுவடியான் வீடு."

"அது போன மாசம்லா..."

"போன மாசம் அந்த வீடு கேட்டுச்சு. நீரு பேரைச் சொன்னீரு. என் காதுல விழுந்துச்சு. விழுந்த பெறகுதான் நான் கேட்டேன். அந்த ஏலம் செல்லாது. திருத்தும்."

செல்வின் என்னையும் மைக்கையும் மாறி மாறிப் பார்த்தார். மன்னிப்பு என்று நான் சொல்லவில்லை. அந்த வார்த்தை எனக்கு வராது. ஏல விதியைத்தான் சொன்னேன்.

"கொடுத்த வீடு, யேசுவடியான் வீடு," என்றார் செல்வின், சத்தத்தைக் குறைத்து.

புஷ்பம் எழுந்தாள். "நூறு."

செல்வின் அடுத்ததைச் சொல்ல மறந்து நின்றார். எனக்குத் தாங்கவில்லை. நான் நின்ற இடத்திலிருந்தே, மைக் இல்லாமல், "கொடுத்த வீடு கேக்குது!" என்று சத்தம் போட்டேன். குரல் நடுவில் உடைந்தது. வயதாகிவிட்டது.

கூட்டம் அடங்கியது. அவள் போய்க் கத்தியை வாங்கினாள். யேசுவடியான் அழுதானா சிரித்தானா என்று அந்த வாயைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. அவள் என்னைக் கடந்து போகும்போது நின்றாள். பிடியைப் பார்த்தாள்.

"இது யாரு சுத்துனது?"

"நான்தான்."

"தெரியுது," என்றாள். கட்டுப்போட்ட பெருவிரலைப் பிடியில் வைத்தாள். அது வழக்கமாக நிற்கிற இடத்தைத் தேடி, கிடைக்காமல், வழுக்கி இறங்கியது. மறுபடியும் வைத்துப் பார்த்தாள். "கத்தி அதுதான். கைதான் எனக்கு வேற யாரு கையோ மாதிரி இருக்கு," என்று அவளுக்குள்ளேயே சொல்லிக்கொண்டு போனாள்.

வீட்டுக்கு வரும் வழியில் ரூபாவதி என் பையை வாங்கிக்கொண்டாள். காலிப் பை.

அக்டோபர் 30, புதன்

மீன் வாங்கப் போகவில்லை. போகத் தேவை இல்லை.

நவம்பர் 4, திங்கள்

போனேன்.

புஷ்பம் கடையைத் திறந்திருக்கிறாள். மெதுவாக வெட்டுகிறாள். பெருவிரலை மடக்காமல் நான்கு விரலால் பிடிக்கிறாள். கத்தியின் பிடியில் நூல் இல்லை. என் நூல் இல்லை. பிடி முனையில் மட்டும் நான்கைந்து சுற்று, புதிதாக, கோணலாக, ஆனால் இறுக்கமாக. ஒவ்வொன்றிலும் முடிச்சு.

"அவுக சுத்துதாக," என்றாள் அவளாகவே. "இடது கையும் பல்லும் வச்சு. ஒரு நாளைக்கு ஒரு சுத்துகூட ஓட மாட்டேங்குது. எச்சிலாக்கித் தாராக கத்திய." கருவாட்டுக் கிழவி சிரித்தாள். புஷ்பமும் சிரித்தாள். நானும் சிரிக்கலாமா என்று தெரியவில்லை.

அரைக் கிலோ பாறை நிறுத்துக் கொடுத்தாள். காசை வாங்கிக்கொண்ட பிறகு, பலகைக்கு அடியிலிருந்து ஒரு பாலித்தீன் பையை எடுத்து நீட்டினாள். உள்ளே என் பச்சை நூல். சிக்கில்லாமல், கழுவி, வளையமாகச் சுருட்டிக் கட்டியிருந்தது.

"உங்க நூலு, அண்ணாச்சி," என்றாள். "கழண்டு போகல. நான்தான் கழத்துனேன்."

வாங்கிக்கொண்டேன்.

பீரோவில் நடுத்தட்டில், கத்தி இருந்த இடத்தில் அதை வைத்திருக்கிறேன். ரூபாவதி வந்து எட்டிப் பார்த்து, இது என்ன என்று கேட்டாள். சொன்னேன். அந்தப் பழைய நூல் எங்கே என்று இரண்டாவது தடவையாகக் கேட்டாள். அதையும் சொன்னேன். பின்வாசலில் எங்கே எரித்தேன் என்று கேட்டாள். கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன்.

அவள் குனிந்து அந்த மண்ணைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு மீன் பையை வாங்கிக்கொண்டு, "கத்தி ஒண்ணு எடுத்துத் தாங்க, இத வெட்டிக் கழுவணும்," என்றாள்.

பீரோவைத் திறந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். நல்ல கத்தி. யார் வீட்டுக் காணிக்கையாக வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். நினைவில்லை.